காசும் ஓலையும்

கலைச்சொல்லாக்கம் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதுவது குறைவு. எழுதினாலும் இரண்டு வரி ஏளனத்தோடு முடிந்துவிடும். அரசாங்க அகராதியில் பிறக்கிற சொல் அறிவிப்புப் பலகையில் சில காலம் தொங்கிவிட்டு அங்கேயே செத்துப்போகும், கவிஞனுக்கு அதனோடு வியவகாரம் கிடையாது என்பது நம்மவர்களின் பொது அபிப்பிராயம். எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் சொல்லின் ஜாதகத்தைப் பார்த்த பிறகுதான் திண்ணையில் உட்காரவே அனுமதிப்பார்கள். இரண்டு தரப்பாரும் சொல்லைக் காதால் கேட்பதில்லை என்பதே என் குறை. இதைப் பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: காசோலை. நான் தினமும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, முத்திரை குத்துகிற பொருள் அது.

கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள், ‘சார், என் செக்கு வந்துடுச்சாங்களா?’ என்றுதான் கேட்பார்கள். அந்த உகரத்தைக் கவனிக்க வேண்டும். மெய்யில் முடிகிற அந்நியச் சொல்லுக்கு ஓர் உகரத்தைக் கொடுத்து உட்காரவைப்பது தமிழின் பழைய வழக்கம். ஆனால் இங்கே அந்த உகரம் இன்னொரு காரியமும் செய்துவிடுகிறது. செக்கு என்று ஏற்கெனவே நம்மிடம் ஒன்று இருக்கிறது; எண்ணெய் ஆட்டுவது, மாடு சுற்றுவது. பணம் வருமா வராதா என்று மூன்றாம் தடவையாக வந்து நிற்கிற மனிதரின் வாயில் ‘செக்கு’ என்ற சொல் தன் இரண்டு அர்த்தங்களோடும் புழங்குவதை நான் கேட்டிருக்கிறேன். அவர் சிலேடை செய்யவில்லை. மொழி செய்கிறது. எதார்த்தம் வேண்டும் என்பதற்காக ‘செக்’ என்று ஒற்றெழுத்தில் முடித்து எழுதுகிற நம் புதுக்கவிஞர் இந்த மாட்டைப் பார்க்கவேயில்லை.

‘செக்’ எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியமான விஷயம். சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கிற ‘செக்’தான் இது. பாரசீகத்து ‘ஷா’, அதாவது அரசன், அரபு வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆட்டத்தில் கொடுக்கும் எச்சரிக்கையாகிவிட்டான். அதிலிருந்து தடுத்தல், பிறகு சரிபார்த்தல் என்று பொருள் நகர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்தச் சொல் குறித்தது, பணம் கேட்டு எழுதிக்கொடுக்கும் தாளை அல்ல. அதைக் கிழித்துக் கொடுத்தபின் மிஞ்சுகிற அடிக்கட்டையை. கொடுத்த தாள் உண்மையா, யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று ஒட்டிப் பார்க்க வைத்துக்கொண்ட பகுதிக்குத்தான் ‘செக்’ என்று பெயர். சரிபார்க்கும் துண்டின் பெயர் பிறகு சரிபார்க்கப்படும் துண்டுக்குத் தாவிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டு, உச்சரிப்பை ‘ஷெக்’ என்று மென்மையாக்கி, 1865-ல் அதற்கு ஒரு சட்டமும் செய்தார்கள்.

ஆக, ஐரோப்பியப் பெயரில் பணமும் இல்லை, தாளும் இல்லை. சந்தேகம் மட்டுமே இருக்கிறது.

தமிழ்ச் சொல்லில் காசும் இருக்கிறது, ஓலையும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது மூலத்தைச் சட்டைசெய்யாமல் பொருளை மட்டும் பார்த்துக் கட்டிய சொல். ‘பணம் தரும் தாள்’ என்பதை இலக்கிய வாசனையோடு சொன்னது, அவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆங்கிலச் சொல்லின் கருவில் இருக்கும் அந்தச் சந்தேகம், தமிழில் ‘ஓலை’ என்ற சொல்லுக்குள் முன்பே இருந்தது என்று எனக்குப் படுகிறது.

சேக்கிழார் சொல்லும் வழக்கை நினைத்துப் பாருங்கள். பக்தியைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு குமாஸ்தா படிக்கிற மாதிரி படித்தால், அது ஓர் ஆவணத் தகராறு. புத்தூரில் கல்யாணப் பந்தல். கிழவர் ஒருவர் வந்து, மாப்பிள்ளை என் அடிமை, அதற்கு ஓலை இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை அந்த ஆளோலையைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறான். அதோடு விவகாரம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முன்னால் மூலவோலை விரிகிறது. மாப்பிள்ளையின் பாட்டனார் போட்ட கையெழுத்து என்கிறார்கள். சபையார் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. அதே பாட்டனார் எழுதிய வேறோர் ஏட்டைப் பாதுகாப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒட்டிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் செய்வதும் வேறல்ல.

படி ஒன்று, மூலம் ஒன்று, ஒப்பிடுவதற்கு மூன்றாவது ஒன்று. லண்டனில் அடிக்கட்டைக்குப் பெயர் வைப்பதற்கு சுமார் 600 வருஷங்களுக்கு முன்னாலேயே, 12-ஆம் நூற்றாண்டுக் கவிஞனுக்கு இந்த முறை வெகு சகஜமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்ததால்தான் அதைக் கடவுள் மீதே பிரயோகிக்க முடிந்தது. ‘காசோலை’ என்று சொல்லும்போது தமிழ்க் காது இந்த ஓலையைத்தான் கேட்கிறது. தென்னங்கீற்றையோ, கூரை வேய்கிற ஓலையையோ அது நினைப்பதில்லை. ஏன் என்று பார்க்க வேண்டும்.

‘ஓலை’ என்று முடிகிற தொகைச்சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். குடவோலை: முதல் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளால் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்த முறை. குடத்துக்குள் போட்ட ஓலை ஒருவனை வாரியத்தில் உட்காரவைக்கிறது. ஆளோலை ஒருவனை அடிமையாக்குகிறது. மூன்றாவது உதாரணத்துக்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாகூர்ச் செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, 9-ஆம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் சுலோகமாக ஒரு பகுதி, தமிழில் வசனமாக ஒரு பகுதி. சுலோகம் வம்சப் பெருமை பாடுகிறது. காரியம் நடப்பது தமிழ் வசனத்தில். அரசனின் திருமுகம் வருகிறது. நாட்டார் அதைத் தொழுது தலையில் வைத்துக்கொள்கிறார்கள். எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, பிறகு தங்கள் பங்குக்கு ஓர் ஓலை எழுதி விடுக்கிறார்கள். அதற்கு அறையோலை என்று பெயர். அறைதல் என்றால் ஊரறியச் சொல்வது. அரசன் சொன்னது மட்டும் போதாது. ஊரார் காலால் நடந்து பார்த்து, வாயால் அறைந்து, அதை ஓலையில் இட்ட பிறகுதான் நிலம் கைமாறும்.

இந்த ஓலைகள் எவையும் செய்தி சொல்வதில்லை, செய்கின்றன. ஒருவனைத் தேர்கின்றன, கட்டுகின்றன, நிலத்தை மாற்றுகின்றன. யமனோலை என்று நாம் சொல்வதும் சாவைப் பற்றிய தகவலை அல்ல, சாவையே. தமிழில் ‘ஓலை’ தொகைச்சொல்லின் கடைசியில் வந்து நிற்கும்போது பெரும்பாலும் தாளின் பெயராக இருப்பதில்லை, ஒரு வினையின் பெயராகிவிடுகிறது. ‘இன்னாருக்குக் கொடு’ என்று மட்டும் எழுதி, கொடுக்கவும் வைத்துவிடுகிற தாளுக்கு இதைவிடப் பொருத்தமான வாரிசு உரிமை இருக்க முடியாது.

‘பெரும்பாலும்’ என்றேன். விலக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் வேடிக்கையான விலக்கு: காதோலை. ஆடிப்பெருக்குப் பூஜைத் தட்டில் கருகமணியோடு சேர்த்து வைக்கிற, சாயம் தோய்த்த பனையோலைச் சுருள். இங்கே ஓலை எதையும் செய்வதில்லை. காதில் இருக்கிறது, அவ்வளவுதான். வசதி வந்தவர்கள் ஓலைக்குப் பதில் பொன்னைப் போட்டுக்கொண்டார்கள். பெயர் மட்டும் ஓலையாகவே நின்றது. காசோலைக்கும் காதோலைக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அகராதிக் குழுவில் உட்கார்ந்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிழவியிடம் ‘காசோலை’ என்று சொன்னால் அவர் முகம் சுளிப்பதில்லை என்பதற்கு அந்த ஓர் எழுத்தும் காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய காதுக்குள் அந்தச் சொல்லின் ஓசை ஏற்கெனவே இருக்கிறது, ஒரு காலத்தில் காதிலேயே இருந்தது.

பொருள் மாறிப் பெயர் மட்டும் தங்கிவிடுவது நம் மொழிக்கு மட்டுமே உரிய விசேஷம் அல்ல. 1620-லிருந்து 1845 வரை தரங்கம்பாடியில் கடை விரித்திருந்த டேனிஷ்காரர்களின் மொழியில் பணப்பைக்கு ‘தெய்னெபோ’ என்கிற மாதிரி ஒலிக்கும் ஒரு தொகைச்சொல் உண்டு. முன்பாதிக்குக் குறியிடுவது, வரைவது என்று பொருள்; பின்பாதிக்குப் புத்தகம். குறிப்பெழுத வைத்திருந்த சிறு புத்தகத்தின் மடிப்பில் ரூபாய்த்தாளைச் செருகி, செருகி, கடைசியில் புத்தகம் போய்ப் பை மட்டும் மிஞ்சிவிட்டது. அந்தப் புத்தகம் என்ற சொல்லும் ஒரு மரத்தின் பெயரோடு உறவுடையது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் டேனிஷ்காரன் சட்டைப்பையில் புத்தகத்தையும் நாம் சட்டைப்பையில் ஓலையையும் வைத்துக்கொண்டு திரிகிறோம். இருவருக்கும் அது உறைப்பதில்லை.

ஆங்கிலத்திலும் மரம் இல்லாமல் இல்லை. நம் ஊர் வங்கிகளில் ‘செக் லீஃப்’ என்பார்கள். ‘இருபத்தஞ்சு லீஃப் புக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்கிறவர், தனக்குத் தெரியாமலே இருபத்தைந்து ஓலை கேட்கிறார். ‘காசோலை’ என்றால் பழமைவாதம், ‘செக் லீஃப்’ என்றால் நவீனம் என்று பிரித்துப் பேசுகிற நண்பர்கள் இந்த இலையை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்?

முன்பாதிக்கு வருகிறேன். காசு விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு பெருமை உண்டு: ஆங்கிலத்து ‘கேஷ்’ நம்முடைய காசுதான் என்பது. பாதி உண்மை. கீழ்த்திசைச் சில்லறை நாணயத்தைக் குறிக்கிற ‘கேஷ்’ போர்ச்சுக்கீசியர் வழியாகக் காசிலிருந்து போனது. ரொக்கம் என்ற பொருளில் வருகிற ‘கேஷ்’ வேறு; பிரெஞ்சில் பெட்டியைக் குறிக்கிற சொல்லோடு உறவுடையது. இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டன. பெருமைப்பட வேண்டியது வேறு இடத்தில் என்பேன். வெண்பாவின் ஈற்றுச்சீர்க்கு வாய்பாடு நாள், மலர், காசு, பிறப்பு. யாப்பிலக்கணக்காரன் குற்றியலுகரத்தைக் காட்டுவதற்கு உலகத்தில் உள்ள எத்தனையோ சொற்களில் காசைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். ‘காசோலை’யை அலகிட்டால் நேர் நேர் நேர், தேமாங்காய். வெண்பாவின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் காசோலை வரலாம். கடைசிச் சீரில் மட்டும் செல்லாது. அங்கே ரொக்கம்தான்.

இந்த இரண்டு பாதியும் சேர்ந்து என்ன தொகை? காசுக்கு ஓலை என்றால் நான்காம் வேற்றுமை. காசைத் தரும் ஓலை என்றால் உருபும் பயனும் உடன்தொக்கது. காசாகிய ஓலை என்று பண்புத்தொகையாகக்கூட விரிக்கலாம். செக்கை வாங்கியவுடன் பணமே வந்துவிட்ட மாதிரி நடந்துகொள்கிறவர்கள் இந்த விரிவைத்தான் நம்புகிறார்கள். 1988-ல் சட்டத் திருத்தம் வந்து, பணமில்லாக் கணக்கில் செக் கொடுப்பது குற்றம் என்று ஆனதற்குக் காரணமும் இந்தப் பண்புத்தொகை மனோபாவம் எனலாம். உறவை மறைத்து வைப்பதுதான் தொகையின் இயல்பு. மறைத்த இடத்தில் மனம் வேலை செய்கிறது. படிமம் என்று நாம் பெரிதாகப் பேசுவதும் இதைத்தான் செய்கிறது. இரண்டை அருகில் வைத்துவிட்டு நடுவிலிருக்கும் சொல்லை விழுங்கிவிடுகிறது.

எல்லாக் கலைச்சொற்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. டிராஃப்ட்டுக்கு ‘வரைவோலை’ என்று வைத்தார்கள். ‘காசோலை’ பெற்ற வெற்றியைப் பார்த்து அதே அச்சில் வார்த்த சொல். ஆங்கிலத்தில் ஒரு கணக்கின்மேல் பணத்தை ‘இழுப்பது’ என்கிற வழக்கு, கோடு இழுப்பது என்று மாறித் தமிழில் ‘வரைவு’ ஆகிவிட்டது. சங்க அகத்துறைகளில் பழகிய காதுக்கு வரைவு என்றால் கல்யாணம். தலைவனைத் தோழி வரைவு கடாவுகிற மனநிலையோடு ஒருவர் எங்கள் கவுண்ட்டருக்கு வந்தால், வரைவோலையைக் கல்யாணப் பத்திரிகை என்றே எடுத்துக்கொள்வார். பிறகு அதற்கு முன்னால் ‘கேட்பு’ என்று ஒன்றையும் ஒட்டினார்கள். அது ஒட்டவில்லை. ‘தானியங்கிப் பணம் வழங்கும் இயந்திரம்’ சொல்லே இல்லை, விளக்கவுரை. பொருள் என்ன செய்கிறது என்று முழுதாகச் சொல்லிவிடுவதால் மனம் புகுவதற்கு ஓர் ஓட்டைகூட அதில் இல்லை.

சேலத்தில் 1916-ல் ராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொல்லுக்கென்று சங்கமும் பத்திரிகையும் நடத்தினார்கள். 1956-ல் சென்னை ராஜ்யம் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்து, அடுத்த வருஷமே ஆட்சிச்சொல் அகராதி கொண்டுவந்தது. இந்த முயற்சிகளின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அட்டவணை போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம் வலப்பக்கம் தமிழ் என்று நிரப்பும்போது வலப்பக்கத்துச் சொல் இடப்பக்கத்துக்கு மட்டுமே பதில் சொல்கிறது. தமிழில் தனக்கு முன்னால் இருந்த சொற்களுக்குப் பதில் சொல்வதில்லை. ‘காசோலை’ தப்பித்ததற்குக் காரணம், குடவோலைக்கும் ஆளோலைக்கும் அறையோலைக்கும் அது பதில் சொல்கிறது. இலங்கைத் தமிழர்கள் அதைப் பத்திரிகைகளில் இயல்பாக எழுதுகிறார்கள். அவர்களுடைய அட்டவணை வேறு, ஓலை ஒன்றே.

எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறி, 1962-ல் சட்டப்படியும் முடிந்து, 1965-ல் ஆட்சிமொழிச் சட்டமும் வந்த பிறகும் ‘கொம்யூன்’ போகவில்லை. வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் என்றுதான் பலகை. தமிழ்நாட்டில் இருக்கிற ‘ஒன்றியம்’ இங்கே வரவில்லை. வந்திருந்தாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொம்யூன் என்றால் ஒரு கட்டிடம், வரி, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய். அந்தச் சொல்லுக்கு உடம்பு இருக்கிறது. உடம்பு இருக்கிற கடன்சொல்லைத் துரத்தவும் வேண்டாம், நினைவு இருக்கிற ஆக்கச்சொல்லை ஏளனம் செய்யவும் வேண்டாம். இரண்டையும் இழந்த கவிதை வெறும் தகவலாகிவிடும். நம் பத்திரிகைகளில் வெளியாகிற கவிதைகளில் பாதி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது.

இப்போது காகிதமும் போய்க்கொண்டிருக்கிறது. சென்னையை மையமாகக் கொண்டு 2011 செப்டம்பரிலிருந்து செக்குகள் ஊர்விட்டு ஊர் பயணம் செய்வதில்லை. வாங்கின கிளையிலேயே தாள் நின்றுவிடும். அதன் மின்பிம்பம் மட்டும் பணம் கொடுக்க வேண்டிய வங்கிக்குப் போய், அங்கே கையெழுத்து ஒப்பிடப்படும். 1881-ஆம் வருஷத்துச் சட்டத்தை 2002-ல் திருத்தி, அந்தப் பிம்பத்தையும் செக் என்றே வரையறுத்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் ஓலை என்ற பெயருக்கு இனி என்ன அர்த்தம் என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கல்யாணப் பந்தலுக்குப் போனது படியோலை. மூலவோலை உடையவனிடமே இருந்தது. பாகூரிலும் அறையோலை பனையில் எழுதப்பட்டது, செம்பில் படியெடுக்கப்பட்டது. பனை மண்ணாகிவிட்டது, படிதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பிம்பம் போவதும் மூலம் தங்குவதும் இந்தச் சொல்லுக்குப் புதிதல்ல. இன்றைய விதிப்படி, தங்கிவிட்ட மூலத்தாளை வாங்கின வங்கி 10 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கட்டுக்கட்டாகக் கட்டி, தேதி எழுதி, பின்னறை அலமாரியில் அடுக்குகிறோம். ஓலைச்சுவடிக்கு வந்த அதே கரையான்தான் அங்கேயும் வருகிறது.